வடம் பிடிக்கலாம், முட்டுக்கட்டை போடலாமா?

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோவில் தேரோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். ஆட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர்கள் வந்து பிடிக்கிறார்கள். அவர் ஒரு கை, நாம் ஒரு கை. வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடும் வேலைக்கு எல்லோரும் போய்விட முடியாது. தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கட்டையால்தான். பழகிய சிலர் மட்டுமே அங்கே இருப்பார்கள். வேறு யாராவது கட்டையைக் கையில் எடுத்தால், "யாருப்பா நீ?" என்ற கேள்வி உடனே வரும்.

இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்ட சாப்ட்வேர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

புதுவைக் கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. 1998-லேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் கோவில் வளாகத்திலேயே கம்ப்யூட்டர் வந்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் இருந்து அலை உயரத்தைப் பார்த்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். அன்று கிராமம் பிறருடைய வெப்சைட்டைப் படித்தது. இன்று கிராமத்தில் இருப்பவரே வெப்சைட் வைத்திருக்கிறார். அதனால் பூட்டுச் சாவிக் கவலையும் அவருடையதாகிவிட்டது.

வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்யும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். இந்த ஊர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. வெளியூர்க்காரர்களும் தேடி வாங்குவார்கள். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வேர்ட்பிரஸ் மூலம் ஒரு வெப்சைட் தயார் செய்து கொடுத்துவிட்டான். வேர்ட்பிரஸ் 2003-ல் வெளியான இலவச சாப்ட்வேர். உலகின் வெப்சைட்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் இயங்குகின்றன.

வெறும் வேர்ட்பிரஸ் என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டும் உள்ள கடை மாதிரி. ஆர்டர் வாங்க ஒன்று, போட்டோ காட்ட ஒன்று, வாட்ஸ்அப் பட்டன் வைக்க ஒன்று என்று ஒவ்வொரு வசதியையும் தனியாகச் சேர்க்க வேண்டும். இப்படிச் சேர்க்கும் குட்டி சாப்ட்வேருக்குத்தான் பிளக்-இன் என்று பெயர். இவற்றைப் பெரிய நிறுவனமும் எழுதியிருக்கும். பொழுதுபோக்காக ஒரு மாணவரும் எழுதியிருப்பார். நம் கடைக்குள் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அதிகாரம்தான்.

மருமகன் கெட்டிக்காரன். பாஸ்வேர்டு பதினாறு எழுத்தில் வைத்திருக்கிறான். அது போதாதா?

போதாது. பாஸ்வேர்டு கேட்பது ஒரே ஒரு கேள்வி: "நீ யார்?" இதை ஆதென்டிகேஷன் என்பார்கள். இதற்குப் பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது: "நீ கேட்கும் இந்த வேலையைச் செய்ய உனக்கு உரிமை உண்டா?" இது ஆதரைசேஷன். ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் சாப்ட்வேர் இதைக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப் போனாலும், உங்கள் பாஸ்வேர்டைத் தொடாமலேயே ஒருவர் அந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். இந்தக் குறைக்கு மிஸ்ஸிங் ஆதரைசேஷன் என்று பெயர். வெப்சைட் பாதுகாப்புக் குறைகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில், இதை உள்ளடக்கிய அனுமதிக் குறைபாடுகள் 2017-ல் ஐந்தாம் இடத்தில் இருந்தன. 2021-ல் முதலிடத்துக்கு வந்துவிட்டன.

இது எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 30 அன்று, சென்னை தாம்பரத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி வெப்சைட்டில் ரயில் டிக்கெட் எடுக்கப் போனார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு டிரான்சாக்ஷன் எண் உண்டு. தன் கம்ப்யூட்டரில் இருந்து சர்வருக்குப் போகும் தகவலில் அந்த எண்ணை மாற்றினால், வேறொருவரின் டிக்கெட் வந்து நிற்பதைக் கண்டார். பெயர், வயது, பிஎன்ஆர் எண், பயணத் தேதி எல்லாம் தெரிந்தன. பார்ப்பதோடு முடியவில்லை. அந்த முன்பின் தெரியாத பயணியின் டிக்கெட்டை ரத்து செய்யலாம், அவர் ஏறும் ஸ்டேஷனை மாற்றலாம், அவர் பெயரில் சாப்பாடு ஆர்டர் செய்யலாம் என்ற நிலை. தீபாவளிக்கு ஊருக்குப் போக எடுத்து வைத்த டிக்கெட் ரத்தாகிக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

லாக்-இன் சரியாகத்தான் இருந்தது. "இந்த டிக்கெட் இவருடையதா?" என்ற இரண்டாவது கேள்விதான் இல்லை. மாணவர் அன்றே மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் கொடுத்தார். ஐந்து நாட்களுக்குள் குறை சரி செய்யப்பட்டது.

(இதைப் படித்துவிட்டு நீங்களும் எண்ணை மாற்றிப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அனுமதியின்றிப் பிறர் தகவலுக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். தற்செயலாகக் கண்ணில் பட்டால் அந்த மாணவரைப் போலத் தெரியப்படுத்துவதே முறை.)

நான்கு வருடம் கழித்தும் கதை மாறவில்லை. 2025 அக்டோபரில் வருமான வரித் துறையின் இ-பைலிங் தளத்தில் இதே வகைக் குறை இருந்ததாகச் செய்தி வெளியானது. தன் பான் எண்ணில் லாக்-இன் செய்தவர், உள்ளே போன பிறகு இன்னொருவர் பான் எண்ணை மாற்றிக் கொடுத்தால் அவருடைய விவரங்கள் வந்தன. செய்தி வரும் முன்பே அதைச் சரி செய்திருந்தார்கள்.

இவையெல்லாம் பெரிய தளங்கள். குறை தெரிந்தால் திருத்த ஆள் இருக்கிறது. நம் சுடுமண் பொம்மைக் கடைக்கு மருமகனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

2020 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். தீம்கிரில் டெமோ இம்போர்ட்டர் என்று ஒரு பிளக்-இன். புதிதாக வெப்சைட் தொடங்குபவர்களுக்கு மாதிரிப் பக்கங்களை நிரப்பித் தருவது அதன் வேலை. 2 லட்சம் தளங்களில் இருந்தது. பழையதை அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கும் வசதியும் அதற்குள் உண்டு. அழிக்கச் சொல்பவர் யார் என்று அது பார்க்கவில்லை. லாக்-இன் செய்யாத யாரோ ஒருவர் வெளியில் இருந்து கட்டளை அனுப்பினாலே போதும், மொத்த டேட்டாபேஸும் காலி. தளத்தில் 'அட்மின்' என்ற பெயரில் யூசர் இருந்தால், அழித்தவரே அந்தப் பெயரில் உள்ளே போய் உட்கார்ந்தும் விடலாம்.

எழுதியவர் முட்டாள் அல்ல. வேர்ட்பிரஸில் 'அட்மின்-இனிட்' என்று ஓர் இடம் உண்டு. பெயரைப் பார்த்தால் அட்மின் வரும்போது மட்டும் இயங்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் லாக்-இன் செய்யாதவர் அனுப்பும் சில கோரிக்கைகளுக்கும் அது இயங்கும். 'ஈஸ்-அட்மின்' என்று இன்னொன்று; "இவர் அட்மினா?" என்று கேட்பது போலப் பெயர். அது பார்ப்பதோ "இது அட்மின் பகுதிப் பக்கமா?" என்பதை மட்டுமே. ஆபீஸ் என்று போர்டு மாட்டிய அறைக்குள் நிற்பவரெல்லாம் ஆபீசர் என்று நம்பிவிடுவது மாதிரி. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

2018 நவம்பரில் சிக்கியது டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ். ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் போட்டுக் கொண்ட பிளக்-இன். காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்து விட்ட கதை. வெளியாட்கள் தளத்தின் செட்டிங்கை மாற்ற முடிந்தது. அவர்கள் மாற்றியது இரண்டே வரி: யாரும் உறுப்பினராகப் பதியலாம்; பதிபவருக்கு அட்மின் பதவி. பிறகு சாதாரணமாகப் பதிந்து கொண்டு, முழு உரிமையோடு உள்ளே வந்தார்கள்.

நம் பொம்மைக் கடைக்கு இப்படி நடந்தால் போவது வெப்சைட் மட்டுமில்லை. ஆர்டர் கொடுத்தவர்களின் பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் அதில் இருக்கிறது. "நீங்கள் கேட்ட குதிரை பொம்மை பார்சலில் நிற்கிறது, ஐம்பது ரூபாய் அனுப்புங்கள்" என்று சரியான பெயரும் பொருளும் சொல்லி ஒரு போன் வந்தால், வாங்கியவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யச் சொல்லலாம். ஆனால் அவர் இனி நம் கடைப் பக்கம் வருவாரா?

பிளக்-இன்னில் உள்ள ஓட்டையை நாம் அடைக்க முடியாது. எழுதியவர்தான் அடைக்க வேண்டும். அவர் அடைத்ததை அன்றைக்கே வாங்கிப் போட்டுக் கொள்வது நம் வேலை. புதிய பதிப்பு வந்ததும் முதலில் படிப்பவர்கள் திருடர்கள்தான். எதைத் திருத்தினார்கள் என்று பார்த்தால் பழையதில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுமே! எனவே அப்டேட் வெளியான முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல், வேர்ட்பிரஸில் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது. பிளக்-இன்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் நேராக 'எனேபிள் ஆட்டோ-அப்டேட்ஸ்' என்று இருக்கும். கிளிக் செய்திடுங்கள்.

அதே பக்கத்தில் பயன்படுத்தாத பிளக்-இன்களையும் பாருங்கள். டிஆக்டிவேட் செய்தால் மட்டும் போதாது, டெலீட் செய்யுங்கள். ஓய்வில் இருந்தாலும் அதன் பைல்கள் சர்வரில்தான் கிடக்கும். 2020 செப்டம்பரில் 7 லட்சம் தளங்களில் இருந்த பைல் மேனேஜர் என்ற பிளக்-இன்னில், ஒரே ஒரு பைலை நேரடியாக அழைத்தே உள்ளே புகுந்தார்கள். இன்னொன்று: குறை காரணமாக வேர்ட்பிரஸ் தன் பட்டியலில் இருந்து ஒரு பிளக்-இன்னை எடுத்துவிட்டாலும், உங்கள் தளத்தில் அது சத்தமில்லாமல் ஓடிக் கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அப்டேட் வராத பிளக்-இன் என்றால் வேறொன்றுக்கு மாறிவிடுவது நல்லது.

டேட்டாபேஸ், படங்கள் இரண்டையும் வாரம் ஒரு முறை பேக்கப் எடுத்து உங்கள் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ வையுங்கள். சர்வரிலேயே வைத்தால் வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான்.

கடைசியாக, இன்றே ஐந்து நிமிடத்தில் பார்க்கக் கூடியது. செட்டிங்ஸ், ஜெனரல் என்று போங்கள். 'எனிஒன் கேன் ரிஜிஸ்டர்' என்ற கட்டத்தில், உங்களுக்குத் தேவையில்லாத டிக் இருக்கிறதா? அதன் கீழே 'நியூ யூசர் டீபால்ட் ரோல்' என்பதில் 'சப்ஸ்கிரைபர்' என்று இருக்க வேண்டும். கடைத் தளமாக இருந்தால் 'கஸ்டமர்' என்றும் இருக்கலாம். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். பிறகு யூசர்ஸ் பக்கத்துக்குப் போய், அட்மின் வரிசையில் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டு, தளத்தை அமைத்துக் கொடுத்தவரைக் கையோடு கூப்பிடுங்கள்.