ஒலிச் சீராக்கிப் பலகை: எதைப் பெற எதை விடுவது?

குரலையோ பாட்டையோ ஒலிப்பதிவு செய்யும்போது, தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உயர்ந்த ஒலி என்பவற்றைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவியே ஈக்குவலைசர். தமிழில் ஒலிச் சீராக்கி எனலாம். றேடியோ திருத்தப் பழகிய ஒருவர் இதனைத் தாமே செய்துகொள்ளலாம், பாகங்கள் அரியவையல்ல. ஆனால் செம்புத் தகட்டில் கோடுகளை அரித்து எடுத்த பின்னர் திட்டத்தை மாற்றுவது கடினம். ஆகவே பாகங்களுக்குக் காசு கொடுக்குமுன்னரே சில முடிவுகளை எடுத்துவிட வேண்டும். ஒரு கிணற்று நீரைப் பல பாத்திகளுக்குப் பங்கிட்டவர்களுக்கு இது புதிதல்ல: ஓரிடத்தில் கூட்டினால் இன்னோரிடத்தில் குறையும்.

எத்தனை பிரிவுகள்?

பெரிய கூடங்களில் 31 பிரிவுகள் கொண்ட சீராக்கிகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குமிழும், கொள்ளளவிகளும் (கப்பாசிற்றர்), தடையிகளும் (ரெசிஸ்ரர்) தேவை. பிரிவுகள் கூடக்கூடச் செலவு கூடும்; இரைச்சலும் பற்றாசு வைத்த இடங்களில் ஏற்படும் பழுதும் கூடும். குரல் பதிவுக்கு நன்றாகச் செய்த மூன்று பிரிவுகள் போதும்.

எந்த முறை?

தடையி, கொள்ளளவி, கம்பிச்சுருள் ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒலியைப் பிரிப்பது ஒரு முறை. 1950களில் புகழ்பெற்ற பல்டெக் கருவி இம்முறையில் அமைந்தது. இதில் 12 தெசிபெல் கூட்ட வசதி வேண்டுமெனில், முதலில் ஒலி முழுவதையும் நான்கிலொரு பங்காகக் குறைத்து, பின்னர் விரியலாக்கியால் (அம்பிளிபயர்) நான்கு மடங்காக்க வேண்டும். அப்போது இரைச்சலும் பெருகும். சுருள் விலை கூடியது. அருகிலுள்ள மின்மாற்றியின் உறுமலையும் அது பிடித்துக்கொள்ளும்.

இங்கிலாந்துப் பொறியியலாளர் பீற்றர் பக்சண்டோல் 1952இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் வேறொரு முறையை வெளியிட்டார். பிரிக்கும் பாகங்களை விரியலாக்கியின் பின்னூட்டப் பாதையில் வைப்பதே அது. குமிழ் நடுவில் நிற்கும்போது ஒலி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை, சுருளும் தேவையில்லை. குறை ஒன்று உண்டு: ஒலி அலை தலைகீழாகிவிடும். அதை மீண்டும் திருப்ப இன்னொரு விரியலாக்கி வேண்டும். ஒரே ஐசியில் இரண்டு விரியலாக்கிகள் கிடைப்பதால் செலவு பெரிதன்று. முதன்முறை செய்பவருக்கு இம்முறையே ஏற்றது.

பெரிய தடையா, சிறிய தடையா?

எந்த மீடிறனில் பிரிவு தொடங்குகிறது என்பதைத் தடையும் கொள்ளளவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 10 கிலோ ஓமுடன் 0.1 மைக்கிரோபரட் சேர்த்தால் ஏறக்குறைய 159 ஹேர்ட்ஸ் வரும். 100 கிலோ ஓமுடன் 0.01 மைக்கிரோபரட் சேர்த்தாலும் அதே 159தான். பின்னையதில் கொள்ளளவி சிறியது, மலிவானது. ஆனால் தடை பத்து மடங்கானால், அத்தடையில் தானாகவே எழும் இரைச்சல் மூன்று மடங்குக்குச் சற்று மேலாகும். பதிவுக்கு 10 கிலோ ஓம் வழியே நல்லது.

கொள்ளளவியிலும் கவனம் தேவை. சிறிய செராமிக் வகைகளிற் பலவற்றில் மின்னழுத்தம் மாறும்போது கொள்ளளவும் மாறுவதால் ஒலி திரியும். ஒலி செல்லும் பாதையில் பொலியெஸ்ரர் வகையை இடுங்கள். அது அதிக இடம் பிடிக்கும் என்பதால் பலகையைச் சற்றுப் பெரிதாக வரையுங்கள். அதன் அளவு 10 வீதம் முன்பின்னாக இருக்கலாம். இடம், வலம் என இரு பக்கம் செய்பவர் சில கூடுதலாக வாங்கி, அளந்து, ஒத்தவற்றைச் சோடியாக்க வேண்டும்.

ஐசியும் மின்சாரமும்

ரீ.எல். 072 ஏறக்குறைய 3 மில்லி அம்பியர் மட்டுமே எடுக்கும், பற்றரிக்கு உகந்தது. என்.ஈ. 5532 ஏறக்குறைய 8 மில்லி அம்பியர் எடுத்தாலும், அதன் இரைச்சல் முன்னையதில் மூன்றிலொரு பங்கிலும் குறைவு. ஆனால் அதன் நுழைவாயிலில் ஓடும் சிறு நேரோட்டம் குமிழினூடாகச் சென்றால், திருப்பும்போது கரகரக்கும். அதை மறிக்க ஒரு கொள்ளளவி சேர்க்க வேண்டும்.

கூடங்களில் வழமையான ஒலிமட்டம் 1.23 வோல்ற். அதை 12 தெசிபெல் கூட்டினால் 4.9 வோல்ற்றாகும், அலையின் உச்சி 7 வோல்ற்றைத் தொடும். இரண்டு 9 வோல்ற் பற்றரிகளில் ஐசி தரக்கூடிய எல்லையும் அதை அண்டியதே. பற்றரி தளர்ந்தால் உச்சிகள் வெட்டுப்பட்டு ஒலி கிழியும். ஆகவே பற்றரியில் இயக்குபவர் 6 தெசிபெலுக்கு மேல் கூட்டாதபடி அமைக்கட்டும். 15 வோல்ற் இரட்டை வழங்கல் தாராளமானது. ஆனால் அதற்கு வீட்டு மின்சாரம் வேண்டும். 230 வோல்ற் உயிரைக் குடிக்கும். மின்மாற்றி அடைக்கப்பட்ட, தாழ்ந்த ஆடலோட்ட மின்னழுத்தம் தரும் அடப்ரரை வெளியே வைத்துப் பயன்படுத்துங்கள்.

பலகை

வழங்கலின் மின்னோட்டமும் ஒலியின் மின்னோட்டமும் ஒரே மெல்லிய புவிக்கோட்டால் திரும்பினால் 100 ஹேர்ட்ஸ் உறுமல் ஒலியிற் கலக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கோடு வரைந்து ஓரிடத்திலேயே சேருங்கள். தொழிற்சாலையில் இருபக்கப் பலகை செய்வித்தால் ஒரு பக்கத்தைப் பெரும்பாலும் புவிக்கே ஒதுக்கலாம். ஆனால் காத்திருக்க வேண்டும், வரைபடத்தில் பிழையிருந்தால் மீண்டும் காசு. வீட்டில் அரித்தால் மலிவு. ஆனால் கழிந்த பெரிக்குக் குளோரைட்டில் செம்பு கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றவே கூடாது. பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, இரசாயனக் கழிவை ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

கையிலுள்ள பணம் சிறிதாயின் பிரிவுகளைக் குறையுங்கள். நல்ல கொள்ளளவியையும் புவிக்கோட்டையும் குறைக்காதீர்கள். சீராக்கியை விலக்கி ஒலியை நேரே விடும் ஓர் ஆளியையும் மறவாது பொருத்துங்கள். அதைப் போட்டும் எடுத்தும் கேட்டால், கருவி ஒலியைத் திருத்துகிறதா கெடுக்கிறதா என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.