ஆண்ட்ரூஸ் – காந்தி கடிதப் போக்குவரத்து

ஆங்கிலேயக் குருவான சார்லஸ் ஃபிரியர் ஆண்ட்ரூசும் (1871–1940) மகாத்மா காந்தியும் கால் நூற்றாண்டுக் காலம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிவந்தனர். ஆண்ட்ரூஸ் காந்தியை ‘மோகன்’ என்று பெயர் சொல்லி அழைத்தார். காந்தி அவரை ‘சார்லி’ என்றார். நெருங்கிய நண்பர்களாக இருந்தும் கொள்கை வேறுபாடுகளை மறைக்காமல் எழுதியதே இக்கடிதங்களின் சிறப்பு.

பின்னணி

ஆண்ட்ரூஸ் 1904இல் டெல்லி புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1913இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 3 பவுண்டு தலைவரியை எதிர்த்து இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களில் தமிழர் பலர். கோகலேயின் வேண்டுகோளை ஏற்று 1914 ஜனவரியில் டர்பன் சென்ற ஆண்ட்ரூஸ், காந்தியைக் கண்டதும் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். இது அங்கிருந்த வெள்ளையரிடையே கண்டனத்துக்குள்ளானது. நட்பும் கடிதத் தொடர்பும் அப்போது தொடங்கின.

போரும் அகிம்சையும்

1918இல் முதல் உலகப் போருக்காகக் காந்தி குஜராத்தின் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டினார். அகிம்சையைப் போதிப்பவர் இதைச் செய்யலாமா என்று ஆண்ட்ரூஸ் கேட்டார். போரிடும் வலிமை இல்லாதவன் அச்சத்தால் ஒதுங்குவது அகிம்சை ஆகாது என்பது காந்தியின் பதில். ஆண்ட்ரூஸ் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை.

அந்நியத் துணி எரிப்பு

1921இல் அந்நியத் துணிகள் எரிக்கப்பட்டபோது, எங்கோ வாழும் மனிதர்களின் உழைப்பைத் தீயிலிடுவது இனவெறுப்பை வளர்க்கும் என்று ஆண்ட்ரூஸ் எழுதினார். காந்தி இக்கடிதத்தை மறைக்கவில்லை; தம் ‘யங் இந்தியா’ இதழிலேயே வெளியிட்டுப் பதில் எழுதினார். மக்களின் சினத்தை ஆங்கிலேயர் மீதிருந்து பொருளின் மீது திருப்புவதாக அவர் வாதிட்டார். துணிகளை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்ற கருத்துக்கு, ஏழைகளுக்கும் நாட்டுப்பற்றும் தன்மானமும் உண்டு என்று விடையளித்தார்.

தீண்டாமை ஒழிப்பு

தீண்டாமை ஒழிப்புக்கே முதலிடம் தர வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் வற்புறுத்தினார். அது விடுதலையைவிடப் பெரிய சிக்கல் என்பதைக் காந்தி ஒப்புக்கொண்டார். ஆயினும் 1933இல் அரசியலை விட்டு அப்பணியில் மட்டும் ஈடுபடுமாறு ஆண்ட்ரூஸ் கேட்டபோது, தம் வாழ்வு கூறுபோட முடியாத ஒரே முழுமை என்று மறுத்துவிட்டார்.

முக்கியத்துவம்

ஃபிஜி ஒப்பந்தக் கூலிகளுக்காகவும் பாடுபட்ட ஆண்ட்ரூஸ், ‘தீனபந்து’ (ஏழைகளின் உறவினர்) எனப் போற்றப்பட்டார். ஆளும் இனத்தில் பிறந்து இந்தியாவின் பக்கம் நின்ற அவர், காந்தி சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. தம் குறைகளைச் சுட்டிய நண்பரின் கடிதத்தைக் காந்தி நாடறிய அச்சிட்டார். 1940 ஏப்ரல் 5 அன்று கல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் இறக்கும் வரை இந்த நட்பு நீடித்தது.