பரணில் கிடந்த இரட்டைக் கட்டை

வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் நாளில்தான் மனிதர்களின் சுபாவம் வெளிப்படும். "எல்லாம் வேண்டும்" என்று ஒரு கட்சி. "எல்லாவற்றையும் தூக்கிப் போடு" என்று இன்னொரு கட்சி. குழித்துறையில் என் தோழியின் பிறந்த வீட்டில் இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். ஆடி அமாவாசையை ஒட்டித் தாமிரபரணிக் கரையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியைப் பார்க்கத்தான் போனேன். பார்த்ததென்னவோ பரணைத்தான்!

உருளி இறங்கியது. ஓட்டை விழுந்த செம்புப் பானை இறங்கியது. கடைசியில் விநோதமான ஒரு சாமான் இறங்கியது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் இரண்டு கட்டைகள். ஒரு முனையில் இரண்டையும் நாரால் சேர்த்துக் கட்டியிருந்தது. மறுமுனை முதலையின் வாய் போலத் திறந்து மூடியது.

"அடுப்பு இடுக்கி" என்றாள் தோழி. அப்படியானால் நுனி கரிந்திருக்க வேண்டாமா? ஒரு தீக்காயம்கூட இல்லை. "எலுமிச்சம்பழம் பிழிவதற்கு" என்றேன் நான். பழம் உட்காரக் குழி இல்லை. "பாக்கு உடைக்க" என்றார் தோழியின் கணவர். பாக்கு உடைத்த கட்டையில் தழும்பு விழாமல் இருக்குமா? உட்புறம் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது. படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினாள். பாம்பு பிடிக்க என்று ஒருவர், தலைமுடி சுருட்ட என்று இன்னொருவர்! "அடுப்பில் வைத்துவிடலாம், நன்றாக எரியும்" என்று தீர்ப்பாயிற்று.

அப்போதுதான் வாசல் திண்ணையில் இருந்த பெரியம்மை கையை நீட்டினார். எண்பது வயதைத் தாண்டியவர்.

"கொண்டா இங்க. இது கடிப்புல்லா மக்களே! பாளை இடுக்குற கடிப்பு."

நாங்கள் விழித்தோம். பெரியம்மை என் தோழியின் மகளை அருகே அழைத்து, அவள் விரல்களை ஒன்றாகச் சேர்த்துக் கடிப்பின் வாய்க்குள் வைத்து மெதுவாக அழுத்தினார். "வலிக்குதா?" "இல்லை, பாட்டி." இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "இப்பம்?" "கொஞ்சம்." "இவ்வளவுதான் அழுத்தணும். கூடிப்போனா பாளை செத்துப்போகும். குறைஞ்சா அக்கானி வராது."

பதநீருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அக்கானி என்று பெயர். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனையின் பாளையில் விரல் போன்ற கதிர்கள் இருக்கும். பனையேறி அவற்றைக் கடிப்புக்குள் கொடுத்து, அடியிலிருந்து நுனிவரை இதமாக நசுக்குவார். சில நாள் இப்படிச் செய்த பிறகு கதிர்களைச் சேர்த்துக் கட்டி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லியதாகச் சீவிக் கலயத்தை மாட்டுவார். சாறு சொட்டத் தொடங்கும். பெண் பனையிலும் காய் முற்றுமுன் குலையை இடுக்கி இறக்குவதுண்டு. அந்தக் குலையில் பிறகு நுங்கு கிடைக்காது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசினால்தான் பதநீர். பூசாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கடிப்பின் விரிசலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. அரிவாள் பெட்டிக்குள் சுண்ணாம்போடு சேர்ந்து மரம் ஏறி இறங்கிய சாமான் அல்லவா!

காலையிலும் மாலையிலும் மரத்துக்கு மரம் ஏற வேண்டும். கால் தவறினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. இறக்கிய அக்கானி புளிக்குமுன் காய்ச்சியாக வேண்டும். அது பெண்களின் வேலை. காய்ந்த ஓலையை அடுப்பில் தள்ளித் தள்ளி, கண் எரிய, பாகு பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுப்பார்கள். நாம் சுக்குக் காப்பியில் போட்டுக் குடிக்கும் ஒரு துண்டுக் கருப்பட்டிக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

"இது நம் வீட்டுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டாள் தோழி. "பாட்டாவுக்குக் கருப்பட்டி வியாபாரம் என்றல்லவா அப்பா சொல்லுவார்?"

பெரியம்மை சிறிது நேரம் பேசவில்லை.

"வியாபாரமெல்லாம் பொறவு. மொதல்ல ஏறினாரு. இருபது வருசம் ஏறினாரு. உங்கப்பன் படிச்ச படிப்பு இதுல வந்ததுதான். உத்தியோகம் கிடைச்ச பொறவு, வெளிய சொல்ல அவனுக்குக் கூச்சம். பாட்டாவுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. சாகுற வரை இதைத் தலைமாட்டுலதான் வச்சிருந்தாரு."

தோழி கடிப்பை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள். கட்டையில் கட்டைவிரல் படியும் இடம் மட்டும் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவள் விரல் அதில் சரியாகப் பொருந்தவில்லை, பள்ளம் பெரியது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் 1884-இல் நிறுவிய பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில், சாமான்களைத் தேசவாரியாகப் பிரிக்காமல் அவை செய்யும் வேலையைப் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நாமும் அந்த முறையைக் கையாளலாம். பழைய சாமான் ஒன்று கிடைத்தால் உடனே தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். ஒட்டியிருக்கும் கறைதான் முதல் சாட்சி. கரிந்திருக்கிறதா, எங்கே வழவழப்பு, எங்கே தேய்மானம், கை எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். எதன் பக்கத்தில் கிடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் வயதானவர் கையில் கொடுங்கள். பெயர் மறந்துபோனாலும் கை மறப்பதில்லை.

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று 1978-இல் அறிவித்தார்கள். மரத்துக்குப் பெருமை கிடைத்துவிட்டது. ஏறியவர்களுக்கு?

குழித்துறை வீட்டுக் கூடத்தில், பாட்டாவின் படத்துக்குக் கீழே இப்போது ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். கடிப்பு அதில் தொங்குகிறது. யாராவது வந்து "இது என்ன?" என்று கேட்டால், பதில் சொல்வது தோழியின் மகள்தான். முதலில் அவர்கள் விரலை நீட்டச் சொல்கிறாளாம்!