தகரக் கூரையும் பரண் காற்றும்

சேர்வராயன் மலையில், நாகலூர் போன்ற சிற்றூர்களில், புல் வேய்ந்த வீட்டுக்குத் தகரக் கூரை இடுவோர் பலர். மழைக்கு அது நல்ல காவலே. ஆயினும் விடியற்காலையில் பரணில் ஏறிப் பார்த்தால், மழை பெய்யாதிருந்தும் தகட்டின் அடியில் நீர் முத்து முத்தாய் நிற்கும். கூரை ஒழுகுகிறதென்று நாம் தார் பூசுகிறோம், பயனில்லை. அந்நீர் வெளியிலிருந்து வந்ததன்று.

தெளிந்த இரவில் தகடு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அடுப்பின் ஆவியும் நம் மூச்சின் ஈரமும் மேலெழுந்து, அதில் பட்டு நீராகின்றன. புற்கூரை மூச்சு விடும், தகரம் விடாது.

இதனால் வரும் நட்டம் சிறிதன்று. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலைக்குக் கொணர்ந்த காப்பி, இன்றும் இங்குப் பலருக்கு ஆதாரம். நூற்றுக்கு 10 பங்கு ஈரம் நிற்குமளவு உலர்த்திய கொட்டையும் இத்தகைய பரணில் மீண்டும் ஈரமேற்றுப் பூசணம் பிடிக்கும், விலை இறங்கும். நெசவாளர் வீட்டிலோ பாவு நூல் கெடும்.

பரிகாரம் எளிது. இறவாரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி விடுக. 300 சதுர அடிப் பரணுக்கு மேலும் கீழுமாக 2 சதுர அடித் திறப்பு போதும். எலி புகாதபடி கம்பி வலையும், சாரல் விழாதபடி முகட்டு மூடியும் வேண்டும். அடுப்புப் புகைபோக்கி பரணில் முடியாமல் கூரைக்கு மேலே செல்லட்டும். மூட்டைகளைத் தகட்டுக்கு எட்டாமல் பலகைமேல் அடுக்குக. கோடைப் பகலின் வெப்பமும் இவ்வழியே வெளியேறும்.

ஆண்டு முழுதும் உழைத்துப் பெற்ற விளைவை இரவுப் பனிக்குக் கொடுக்கலாகாது. அடுத்த காப்பிப் பருவத்திற்குள் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பரணை ஒருமுறை பார்த்துவிட வேண்டுகிறோம்.