எழுவான்கரையில் விடியல், படுவான்கரையில் அந்தி

மட்டக்களப்புப் பெண்ணுக்கு வாவியைப் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று வாசக சகோதரிகள் கேட்கலாம். நம் வீடுகளில் ஒரு கணக்கெடுத்துப் பாருங்கள். கல்லடிப் பாலத்தை ஆஸ்பத்திரி அவசரத்தில் கடந்தவர்கள் எத்தனை பேர்? அதில் இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கொழும்பு, கண்டி, நுவரெலியா எல்லாம் கண்டு, உம்ராவும் முடித்து வந்த ராத்தாமார் பலருக்கு, வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் இருக்கும் படுவான்கரை தெரியாது. வாவி என்பது பஸ் ஜன்னலில் ஓடி மறையும் ஒரு நீல நிறம், அவ்வளவுதான்.

வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைக்கு அண்மை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது இந்த வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு உண்டு. சூரியன் எழும் பக்கம் என்பதால் அது எழுவான்கரை. வாவிக்கு அப்பால், சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கடைத்தெருவும் சன நெருக்கமும் எழுவான்கரையில். வயலும் எருமையும் தயிரும் படுவான்கரையில். இவ்வளவு அழகாக ஊருக்குப் பெயர் வைத்த முன்னோரை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு.

நாம் இந்த இடங்களைப் பாராமல் போனதற்குச் சோம்பல் காரணமல்ல. 1990 ஜூலையில், இதே பெருந்தெருவில் வந்துகொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். பத்து நாட்கள் கழியுமுன் ஏறாவூர். அதன் பின் பெண்கள் பயணம் போவது என்ற பேச்சே வீடுகளில் எழவில்லை. படுவான்கரை 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் வீதி திறந்த பிறகும் மனம் திறக்க நாளாகும் அல்லவா?

வெசாக் பௌர்ணமி விடுமுறையோடு இன்னுமொரு நாளைச் சேர்த்து, நானும் கணவரும் மூன்று நாட்கள் வாவியைச் சுற்றிவந்தோம். வெளிநாட்டவர் 'கேம்பர் வான்' என்று அடுக்களையும் படுக்கையும் கொண்ட வாகனத்தில் ஊர் சுற்றுகிறார்கள். இலங்கையிலும் அதை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எங்களுடையது அவ்வளவு பெரிய சங்கதி அல்ல. இவர் பிடவை ஏற்றிச் செல்லும் பழைய டொல்பின் வான்தான். பின்பக்கத்தைக் காலி செய்து, பலகை அடித்து, தும்பு மெத்தை போட்டோம். ஜன்னல்களுக்குத் தடித்த திரை தைத்தேன். தண்ணீர்க் கேன் இரண்டு, சிறிய காஸ் குக்கர் ஒன்று, கெற்றில், பாய், தொழுகை உடுப்பு, டோர்ச் லைற். பிள்ளைகள் உம்மாவிடம். "நாற்பது தாண்டின பிறகு என்ன தேன்நிலவு?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டதற்கு இவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் முகம் சிவந்தது.

தெற்கே, கல்லாறு வரை

காத்தான்குடியிலிருந்து ஸுப்ஹு தொழுதவுடன் புறப்பட்டோம். ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. குருக்கள்மடத்தில் இவர் வானை மெதுவாக்கினார். நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை. துஆ ஓதிக்கொண்டு கடந்தோம்.

களுதாவளைக் கடற்கரையில் இறங்கி நடந்தோம். வெற்றிலைக் கொடிக்கும் மரக்கறிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. மணலிலேயே தோட்டம் செய்கிறார்கள். காலை ஏழு மணிக்கு முன் கடற்கரையில் மீனவர்கள் மட்டும்தான். அவர்களுக்கு நம்மைப் பார்க்க நேரமில்லை. அபாயா அணிந்து நடப்பதற்கு அந்த நேரமே நேரம். வெறுங்காலோடு ஈர மணலில் ஒரு மணி நேரம் நடந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இப்படி நடந்த நினைவே இல்லை.

கோட்டைக்கல்லாறும் பெரிய கல்லாறும் அடுத்தடுத்த ஊர்கள். வாவிக்குக் கடலில் இரண்டு வாய்கள். ஒன்று இங்கே, மற்றது மட்டக்களப்பு நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரம். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். வாடைக்காலத்து மழையில் வாவி நிரம்பி வயல்கள் மூழ்கத் தொடங்கும்போது, மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கு ஒரு கருத்து, மீன்பிடிப்பவருக்கு வேறு கருத்து. நாங்கள் போனபோது மணலில் நடந்தே அக்கரை போகலாம் போலிருந்தது.

மருதமுனைக்கு மதியம் போய்ச் சேர்ந்தோம். கைத்தறி ஓசை இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. சாரனும் சாரியும் நெய்கிற ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் கொள்ளை கொண்ட ஊர்களில் இதுவும் ஒன்று. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். கரையோரத்தில் வீடிருந்த இடங்கள் பலவற்றில் இன்று வெறும் மணல். அங்கே நின்று 'காட்சி அழகு' என்று எழுத என்னால் முடியவில்லை. உறவினர் வளவொன்றில் வானை நிறுத்தி இரவு தூங்கினோம். வீட்டுக்குள் வந்து படுக்கச் சொல்லி அந்த ராத்தா மூன்று முறை கெஞ்சினார். வானில் படுக்கத்தான் வந்தோம் என்பதை அவருக்குப் புரியவைப்பது எளிதாக இருக்கவில்லை.

உம்மாவின் வயல்

மறுநாள் திரும்பி வந்து, மண்முனைச் சந்தியில் இடதுபக்கம் வாவியை நோக்கித் திரும்பினோம். முன்னர் இந்தத் துறையில் 'பாதை'தான் ஓடியது. வாகனமும் ஆட்களும் அதில் ஏறி அக்கரை போவார்கள். 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்பட்டது. இரு பக்கமும் கண்டல் மரங்கள், தூண்டில்காரர்கள், தோணிகள். பாலத்தின் நடுவில் நின்றால் எழுவான்கரையின் தென்னைகளும் படுவான்கரையின் பனைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன.

நான் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் பகுதியில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குப் போவதே வழமை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். தமிழரிலும் முஸ்லிம்களிலும் இந்த வழமை ஒன்றுதான். தாய்வழிக் 'குடி' முறையும் அப்படியே. உம்மாவுக்கும் சீதனமாகப் படுவான்கரையில் வயல் எழுதிக் கொடுத்திருந்தார் மூத்தவாப்பா. 1990க்குப் பிறகு எங்கள் வீட்டார் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. உறுதி மட்டும் பெட்டியில் இருந்தது. உம்மா வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்து வெயிலில் காயவைத்து மீண்டும் மடித்து வைப்பார்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரர் ஆலயத்தைக் கடந்து, விசாரித்து விசாரித்துப் போனோம். இந்த ஊராருக்கும் சொல்ல இழப்புக்கள் உண்டு. 1987இலும் 1991இலும் இங்கே தமிழ் மக்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். நம் துயரத்தை நினைக்கிற நாம் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

வட்டையில் அறுவடை முடிந்து அடிக்கட்டை மட்டுமே நின்றது. எருமைகள் மேய்ந்தன. வாடியின் நிழலில் இருந்த வயோதிபர் ஒருவர் எங்களைக் கண்டு எழுந்து வந்தார்.

"ஆர்ர மகள் புள்ள நீங்க?"

மூத்தவாப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். "போடியார்ர பேத்தியா? எங்கட அப்பாதான் அவருக்கு முல்லைக்காரன். நான் சின்னப் பொடியன். நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தருவார்."

முல்லைக்காரர் என்றால் போடியாரின் வயலைப் பார்த்து நடத்துபவர். மகனை அனுப்பித் தயிர்ச் சட்டி ஒன்றும் குடிக்கத் தண்ணீரும் எடுப்பித்தார். வயலை இப்போது யார் செய்கிறார்கள் என்று இவர் மெதுவாகக் கேட்டார். வயோதிபர் கையை வீசி, எல்லை வரம்பு முன்பு எங்கே இருந்தது என்று காட்டினார். "இப்ப ரெண்டு பேர் செய்றாங்க தம்பி. அவங்களும் வேற ஊரால வந்த ஏழையள். ஒருத்தர் நல்லவர். மற்றவரோட கதைக்கிறது கஷ்டம். ஐயாவ நம்பி வந்தீங்க, நான் பொய் சொல்லக் கூடாது."

நான் உம்மாவுக்குக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினேன். உம்மாவின் பதில் ஒரு கேள்வி: "வடக்குப் பக்கத்துப் புளியமரம் நிற்குதா?" நிற்கவில்லை. வயோதிபரிடம் கேட்டேன். 1978 நவம்பர் சூறாவளியில் விழுந்ததென்றார். உம்மாவும் அந்தச் சூறாவளிக்கு முன்தான் கடைசியாக வயலுக்கு வந்திருந்தார் போலும்.

பிரதேச செயலகத்துக்குப் போவதா, முதலில் அந்த இரண்டு பேரையும் கண்டு பேசுவதா என்பதை நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. சட்டப்படி நமது என்பதாலேயே ஓர் ஏழையை எழுப்பிவிட மனம் வரவில்லை. உம்மாவின் உரிமையை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. பெட்டியில் உறுதியுள்ள சகோதரிகள் ஒரு காரியம் செய்யலாம். எல்லை தெரிந்த வயோதிபர்கள் உயிரோடிருக்கும்போதே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

மஃரிபுக்கு முன் படுவான்கரையை விட்டுப் புறப்படுவது நல்லது. இரவில் யானை வரும் இடங்கள் உண்டு. வவுணதீவு வழியாக வலையிறவுப் பாலம் ஏறியபோது சூரியன் எங்களுக்குப் பின்னால், நாங்கள் விட்டு வந்த கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. இவர் வானை நிறுத்தினார். பிளாஸ்கில் இருந்த பிளேன்டீயைக் குடித்தோம்.

மீன் பாடியதா?

கல்லடியில் பழைய பாலமும் புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. பழையது 1924இல் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் திறக்கப்பட்டது, புதியது 2013இல். பௌர்ணமி இரவில் இங்கே நீருக்கடியிலிருந்து இசை கேட்கும் என்பதால்தான் மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர். 1848இல் இங்கு வந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். மீனல்ல, ஊரிதான் அழுகிறது என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்களாம். தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பதே முறை.

நாங்களும் ஒரு தோணிக்காரரைப் பிடித்தோம். பாலத்தின் மேல் வாகன இரைச்சல். அரை மணி நேரம் துடுப்பில் காதை வைத்திருந்தேன். தம்பூராக் கம்பியை யாரோ தொலைவில் மீட்டுவது போல ஏதோ கேட்டது. இவர் கேட்கவில்லை என்கிறார். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை.

நகருக்குள் நடக்கும்போது ஒரு தயக்கம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. 2019 ஏப்ரல் 21இல் இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பலியானவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் எங்கள் ஊரான். அதற்குப் பிறகு அபாயாவோடு கடைக்குள் நுழையும்போது பார்வைகள் மாறியதை நம்மில் பலர் உணர்ந்தோம். அன்றிரவு தோணிக்காரரின் மனைவி எனக்குக் கதிரை போட்டு, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். பேச்சு வழக்கம் போல விலைவாசிக்குப் போனது.

வடக்கே

மூன்றாம் நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு, ஏறாவூர் கடந்து பாசிக்குடா போனோம். கடலுக்குள் வெகுதூரம் போனாலும் நீர் இடுப்பளவுதான், அலையே இல்லை. பெண்கள் காலை நனைக்க இதைவிடப் பாதுகாப்பான கடலை நான் கண்டதில்லை. ஆனால் விடுமுறை நாள் என்பதால் சனம் தாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் புறப்பட்டுவிட்டோம். எனக்குப் பிடித்தது அதற்கும் அப்பால், வாகரை வீதியில் வரும் பனிச்சங்கேணிதான். பாலத்தின் கீழே தெளிந்த நீர், கண்டற் காடு, தூரத்தில் கடலின் வெள்ளைக் கோடு.

இப்படிப் போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தனித்த கடற்கரையில் இரவு தங்காதீர்கள். உறவினர் வளவு, பள்ளிவாசல் வளாகம், விடுதி முற்றம் என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பெண்களுக்குத் தொழ இடமும் மலசலகூடமும் உள்ள பள்ளிவாசல்களை முன்கூட்டியே விசாரித்துக் குறித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. காஸ் குக்கரை வானுக்குள் மூட்டவே கூடாது. ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிராபத்து. புகை உள்ளே வந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். வாவியில் முதலை உண்டு. கரையில் பாத்திரம் கழுவ இறங்க வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று முகத்தைச் சுடும். ஏப்ரல், மே நல்ல காலம்.

அடுத்த தடவை உம்மாவையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன் வானின் பின்கதவுக்கு உயரம் குறைந்த மரப்படி ஒன்று செய்ய வேண்டும். உம்மாவின் முழங்கால் முன்போல் மடங்குவதில்லை. இவர் தச்சனாரிடம் அளவு கொடுத்திருக்கிறார்.