கிடைச்சா நமக்கா சார்?

சினிமாவில் கீழே கிடக்கும் சூட்கேஸைக் கண்டெடுப்பவர் அநேகமாகப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போவதில்லை. திறந்து பார்க்கிறார், கட்டுக்கட்டாகப் பணம். அடுத்த ஸீனிலேயே கூலிங் கிளாஸ், டூயட்!

அமெரிக்காவில் இந்த ஆசையை டி.வி. நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டார்கள். 2010-ல் ஆரம்பித்த 'ஸ்டோரேஜ் வார்ஸ்'. சாமான் போட்டு வைக்கிற வாடகை அறைக்குச் சில மாதம் பாக்கி விழுந்தால், உள்ளே இருப்பதோடு சேர்த்து ஏலம். வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது. மெத்தைக்கு அடியில் இருப்பது பொக்கிஷமா, பொத்தல் வாளியா என்பதுதான் சஸ்பென்ஸ். எனக்கு உறுத்துவது வேறு. வாடகை கட்ட முடியாமல் மெத்தையைப் பறிகொடுத்தானே, அந்த ஆசாமி எங்கே?

நம்மூர் வழக்கம் கொஞ்சம் தேவலை. ரோட்டில் காசு கிடைத்தால், "நமக்கு வேணாம்ப்பா, உண்டியல்ல போட்டுடு!" என்பார்கள். ஆண்டவன் கணக்கு சரி. தொலைத்தவன் கணக்கு?

சட்டம் அவனை மறக்கவில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, கண்டெடுத்தவர் சொந்தக்காரர் இல்லை, காவல்காரர். பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உரியவரைத் தேடச் செலவான ஆட்டோ சார்ஜ் கைக்கு வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 'கண்டுபிடித்துத் தந்தால் இவ்வளவு' என்று விளம்பரம் செய்துவிட்டு நழுவினால், கேஸே போடலாம்!

கிரிமினல் சட்டம் உதாரணத்தோடு சொல்கிறது. ரோட்டில் ஒரு ரூபாய், யாருடையது என்றே தெரியவில்லை, எடுத்தீர்கள், குற்றமில்லை. விலை உயர்ந்த மோதிரம் கிடைத்து, யாருடையது என்று விசாரிக்காமல் உடனே விற்றால் குற்றம். 1860-ல் எழுதிய இந்த உதாரணங்கள் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கின்றன. தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருஷம்.

பூமிக்கடியில் புதையல் கிடைத்தாலோ, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இது 1878-ம் வருஷத்துச் சட்டம். பத்து ரூபாயை இன்னும் மாற்றவில்லை.

"ஒழுங்கா ஒப்படைச்சா என்ன சார் லாபம்?" என்கிறீர்களா? 1980-ல் டோக்கியோ ஜின்ஸா பகுதியில் ஒரு லாரி டிரைவர் சாலையோரத்தில் ஒரு துணி மூட்டையைக் கண்டெடுத்தார். உள்ளே பத்துக் கோடி யென்! போலீஸில் ஒப்படைத்தார். அன்றைய சட்டப்படி ஆறு மாதம் காத்திருந்தும் யாரும் வரவில்லை. பணம் அவருக்கே வந்தது. கூடவே மிரட்டல் போன்களும் வந்தன. குண்டு துளைக்காத உடுப்பு மாட்டிக்கொண்டு போய்த்தான் செக்கை வாங்கினார். சுமார் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போயிற்று. டிரைவர் வேலையையும் விட்டார். யோகம் கூடச் சும்மா வருவதில்லை!

கோடியை விடுங்கள். பஸ் ஸீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கிடக்கிறது. உள்ளே யாரோ ஒரு பையனின் ஒரிஜினல் மார்க் ஷீட்டுகள். எடைக்குப் போட்டால் நமக்கு ஒரு சிங்கிள் டீ கூடத் தேறாது. அவனுக்கு நாளைக் காலையில் இன்டர்வியூ. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கும் சார். ஒரு போன் போட்டுப் பாருங்களேன்.