வாசலில் கட்டிய நாய்

1995ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்ததும், பிரிவதும் சேர்வதுமாகச் சில வருஷங்கள் ஊசலாடிய அரியலூர் 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானதும், இவ்விரு ஊர்களின் விளிம்புகளிலும் வீட்டுமனைகளும் புதிய நகர்களும் பெருகின. பருத்திக்காட்டையும் மக்காச்சோளக் கொல்லையையும் குத்தகைக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து அங்கே குடிவந்த கிரகஸ்தர்கள் பலர் பாத்திரம் பண்டங்களோடு தங்கள் நாயையும் அழைத்து வந்தார்கள். இரவில் பன்றி விரட்டுவதும் ஆட்டுக்கிடையைச் சுற்றி வருவதுமாக இருந்த அந்தப் பிராணிக்கு இங்கே வாய்த்த ராஜ்யம், இரும்புக் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே நாலு முழச் சங்கிலி எட்டுமளவுதான். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இப்போது நிற்க நேரம் ஏராளமாக இருக்கிறது, உள்ளபடியே வேலைதான் இல்லை. ஆகவே அது குரைக்கிறது. விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஏண்ணே, ராத்திரி பூரா உங்க நாய் குலைச்சுக்கிட்டே கெடந்துச்சே" என்கிறார்.

குரைப்பது நாயின் சுபாவம் என்பதில் சந்தேகமில்லை. வளர்ந்த ஓநாய் அபூர்வமாகவே குரைக்கும். மனிதனோடு பல்லாயிரம் வருஷம் வாசம் செய்த நாயோ அந்தச் சப்தத்தை வெகுவாக விருத்தி செய்துகொண்டிருக்கிறது. ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்டில் பீட்டர் பொங்ராட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், அந்நியனைக் கண்டபோதும், தனியே விடப்பட்டபோதும், விளையாடும்போதும் நாய்கள் எழுப்பிய குரல்களைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியதில், நாய் வளர்த்தறியாதவர்கள்கூட இன்ன சந்தர்ப்பம் என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிட்டதாக 2005இல் எழுதினார்கள். கனத்த கரகரப்போடு அடுத்தடுத்து வருவது அந்நியனைப் பார்த்து. இடைவெளி விட்டு உச்சஸ்தாயியில் எழுவது தனிமையினால். எந்தப் பரிகாரத்துக்கும் முன்னால், எப்போது, எதைப் பார்த்து, எந்தக் குரலில் என்று காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் நிகழ்வது இதுதான். காலை ஆறு மணிக்குப் பால்காரர் கேட்டருகே வண்டியை நிறுத்துகிறார், நாய் சங்கிலி இறுக எழுந்து குரைக்கிறது, "சீ, சும்மா கெட!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்புகிறது, பால்காரர் தம் காரியம் முடிந்ததும் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறவர் என்பதை அறியாத நாய், தான் குரைத்ததனால் சத்துரு ஓடினான் என்று நிச்சயிக்கிறது. எஜமானரின் அதட்டலையோ, அவரும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். பேப்பர்காரரும் காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் இதே பாடத்தைத் தினந்தோறும் நடத்திவிட்டுப் போகிறார்கள். இவ்வளவு சிரத்தையாகக் கற்பித்துவிட்டு, மாணாக்கன் தேர்ச்சி பெற்றதற்காக அவனை அடிப்பது என்ன நியாயமோ தெரியவில்லை!

முதற்காரியமாக, கட்டுமிடத்தை மாற்றுங்கள். தெருவே கண்ணில் படாதபடி கேட்டுக்கு ஒரு தகடோ தட்டியோ அடித்து, நாயைக் கொல்லைப்புறத்துக்கு அல்லது வீட்டுக்குள் கொண்டுவந்தாலே பாதிக் குரைப்பு அடங்கும். காலையும் மாலையும் அரைமணி நேரம், மோப்பம் பிடிக்க விட்டு, நிதானமாக நடத்திக்கொண்டு போவது இரண்டாவது. பிறகு, குரைப்பு ஓய்ந்து அது மூச்சு வாங்கும் அந்த ஒரு கணத்தில், "போதும்" என்று தணிந்த குரலில் சொல்லி ஒரு வாய்த் தீனி கொடுத்து, மௌனத்தின் கால அளவைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக்க வேண்டும். தீனி என்றதும் சாம்பார்ச் சோற்றை நினைத்துவிடாதீர்கள். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் நமக்கு எவ்வளவு ருசியானாலும், வெந்ததோ பச்சையோ, எந்த வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் விஷமே. வேகவைத்த கோழித் துண்டு போதும். வீட்டில் எல்லோரும் இதில் ஒருமித்திருப்பதும் அவசியம். தாத்தா ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு, குரைக்கும்போதெல்லாம் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்களுடைய பிரயத்தனம் வியர்த்தமாகிவிடும்.

பயத்தினால் எழும் குரைப்புக்கு இந்தச் சிட்சை உதவாது. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் வைக்கும் வெடியோ, தீபாவளிப் பட்டாசோ, நம்மைவிட நுட்பமான செவி படைத்த பிராணியை எவ்வளவு கலக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஜன்னலை அடைத்து, உள்ளறையில் பக்கத்தில் வைத்துக்கொள்வதே சரி. திடீரென்று குரைப்பு மிகுந்தால் காதுவலியோ, முதுமையின் மூளைத் தளர்ச்சியோ காரணமாயிருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குரலே மாறிக் கம்மி, எச்சில் வடிந்து, நடை தள்ளாடினால் அது வெறிநோயின் குறியாகலாம். கிட்டப் போகாமல் உடனே மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மின்சார அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை விற்பவர்கள் இருக்கிறார்கள்; குரல்நாணையே அறுத்துவிடும் சிகிச்சையும் உண்டு. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குரலை மட்டும் பறிக்கும் இவ்விரண்டும் என் அபிப்பிராயத்தில் கொடுமைகள். பின்னதை ஐரோப்பிய நாடுகளின் 1987ஆம் ஆண்டு உடன்படிக்கை தடுத்திருக்கிறது. நம் தேசத்தில், ராஜ்யசபை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் பயனாகப் பிற்பாடு பிறந்த 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டம், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தகுந்த நடமாட்டம் அளிக்காத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. முதற் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அந்தத் தொகைக்கு இன்று ஒரு நல்ல சங்கிலிகூட வாங்க முடியாது.

அயலாரிடம் அவர்கள் வருவதற்குமுன் நாமே போய்விடுவது உத்தமம். குரைத்தும் பலனில்லை என்று கண்ட நாய், விடுவதற்குமுன் சில நாட்கள் முன்னிலும் பலமாகக் குரைத்துப் பார்க்கும் என்பதால், "அண்ணே, பழக்கிக்கிட்டு இருக்கோம், கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவைத்தால் பாதி மனஸ்தாபம் குறையும். நாம் உத்தியோகத்துக்குப் போன பிறகு அது எந்நேரத்தில், எவ்வளவு நேரம் கத்துகிறது என்பதும் அயலாருக்குத்தான் தெரியும்; அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், தனிமை தாங்காத நாயா, தெருவைக் காவல் காக்கும் நாயா என்று அவர் சுலபமாகச் சொல்லிவிடுவார்.